பாண் வண்டியிலிருந்து சிம்பொனி வரை: பிள்ளைகளுக்கு ஓர்கெஸ்ட்ரா இசை

கொழும்பில் வளரும் பிள்ளைக்குப் பீத்தோவனை யாரும் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஒழுங்கைக்குள் வரும் சூன் பாண் வண்டி அந்த வேலையை எப்போதோ செய்து முடித்துவிட்டது. முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மாலு பாணும் கிம்புலா பணிஸும், கூரையில் ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து மூச்சு விடாமல் ஓடும் மெட்டு, 1810 இல் பீத்தோவன் பியானோவுக்காக எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867 இல்தான் வெளியே வந்தது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? மெட்டு காதில் விழுந்ததுமே அது செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

ஆகவே, ‘மேலைத்தேயச் சங்கீதம் எங்கட பிள்ளைகளுக்குப் பிடிபடாது’ என்று பின்வாங்க வேண்டாம். மெட்டு பிடிபடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் கேட்கும் பாட்டில் ஒரு குரல் முன்னால் நிற்கும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். கர்நாடகக் கச்சேரியிலும் பாடகர் போகிற வழியிலேயே வயலின் போகும். ஓர்கெஸ்ட்ராவில் அப்படி நிரந்தரமாக ஒரு பாடகர் இல்லை. ஒரே நேரத்தில் பலர் பல சுரங்களை வாசிக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாத பிள்ளை இரண்டு நிமிடத்தில் கதிரையில் நெளியும். உடனே பக்கத்திலிருந்து "சத்தம் போடாதே" என்று ஒரு கிள்ளு விழும். பாவம், அந்தப் பிள்ளைக்கு எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தேட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மெட்டு இப்போது யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கிவிட்டால் மீதியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

மேடையில் இருப்பவர்கள்

பெரிய சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா என்றால் 80 முதல் 100 பேர் வரை இருப்பார்கள். பாதிக்கு மேல் தந்தி வாத்தியக்காரர்கள். முழு அளவிலான ஒரு குழுவில் முதலாம் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செலோ 10, டபுள் பேஸ் 8 என்று இருப்பது வழக்கம். கடைசி மூன்றும் வயலினைவிட வரிசையாகப் பெரியவை, குரலும் அப்படியே கீழே போகும். அவர்களுக்குப் பின்னால் மரக்குழல் வாத்தியங்கள்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்கும் பின்னால் ஹோர்ன், ட்ரம்பெட், ட்ரொம்போன், டியூபா என்ற பித்தளைக் கூட்டம். கடைசி வரிசையில் டிம்பனி என்ற பெரிய அண்டா போன்ற மேளம் முதலான தாள வாத்தியங்கள்.

"ஏன் இத்தனை வயலின்? ஒன்று போதாதா?" இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கேள்வியும் சரியானதுதான். பத்து வயலின் சேர்ந்து வாசித்தால் பத்து மடங்கு சத்தம் வரும் என்று நினைப்போம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவர் வாசிப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தமாகத்தான் நமக்குப் படும். ஒரே ஒரு ட்ரம்பெட்காரர் முழு மூச்சோடு ஊதினால் ஒரு வரிசை வயலினையே அமுக்கிவிடுவார். அதனால்தான் முப்பது வயலின்களுக்கு இரண்டு மூன்று ட்ரம்பெட் போதும். அதுவும் பின் வரிசையில். இன்னொரு காரணமும் உண்டு. பதினாறு பேர் ஒரே சுரத்தை வாசித்தாலும் மயிரிழை வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்துதான் தனி வயலினில் கிடைக்காத அந்த மெத்தென்ற நாதம் பிறக்கிறது. தமிழ் சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் வருமுன் ஒரு வயலின் கூட்டம் எழுந்து வருமே, அதைப் போட்டுக் காட்டினால் பிள்ளைக்கு உடனே விளங்கும்.

கச்சேரிக்கு வந்த பிள்ளை முதலில் கேட்பது பாட்டை அல்ல, சுருதி சேர்ப்பதைத்தான். ஓபோக்காரர் ஒரு சுரம் கொடுப்பார். நொடிக்கு 440 அதிர்வு என்பது பொதுவான கணக்கு. மற்ற எல்லாரும் அதற்குத் தங்கள் வாத்தியத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். கர்நாடகக் கச்சேரியில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ கடைசி வரை கூடவே ஒலிக்கும். இங்கே ஆரம்பத்தில் ஒரு தரம் கொடுப்பதோடு சரி, பிறகு அவரவர் காதுதான் பொறுப்பு. இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுருதி சேர்த்து முடிந்ததும் "பாட்டு முடிஞ்சுதா?" என்று சத்தமாகக் கேட்கும் பிள்ளைகள் உண்டு.

வயலினைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது எங்கள் வாத்தியம். நிலத்தில் சம்மணமிட்டு, நுனியைக் குதிகாலில் ஊன்றி வாசிப்பது. ஓர்கெஸ்ட்ராவில் இருப்பதும் அதே வயலின்தான். பிடிக்கிற விதமும் தந்திகளைச் சேர்க்கிற விதமும் மட்டும் வேறு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் இதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் பாண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நம் வகுப்புகளில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரித்தானியத் தேசிய கீதத்தின் மெட்டு. இருநூறு வருடத்துக்கு முன்பே எங்கள் ஆட்கள் இந்த இசையை ஆசையோடு எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லி விளக்க முடியாது. பாடித்தான் காட்ட வேண்டும். மூன்று பேர் போதும். ஒருவர் ‘ஸ’வைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இரண்டாமவர் அதற்கு மேல் ‘க’, சங்கராபரணத்தில் வரும் அந்தரக் காந்தாரம். மூன்றாமவர் ‘ப’. மூன்றும் ஒரே நேரத்தில். முதல் தடவை யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் சுரத்துக்கு வழுக்கிப் போய்விடுவார், சிரிப்பு வரும். நாலைந்து தடவையில் பிடிபட்டுவிடும். பிடிபடுகிற அந்த நிமிடத்தில் மூன்று குரலும் சேர்ந்து அறையே நிறைந்தது போல் ஒரு ஒலி கேட்கும். மேலைத்தேய இசையில் மேஜர் கோர்ட் என்று சொல்வது இதைத்தான்.

இப்போது ‘க’ பாடுகிறவர் மட்டும் கொஞ்சம் இறங்கி, கரகரப்பிரியாவில் வரும் சாதாரண காந்தாரத்துக்கு வரட்டும். மற்ற இருவரும் அசையக் கூடாது. மாறியது ஒரே ஒரு சுரம், அதுவும் அரைப் படிதான். ஆனால் முகமே மாறிவிடும். ஏதோ மப்பு கட்டியது போல் இருக்கும். இது மைனர் கோர்ட். பாண் வண்டியின் மெட்டு மைனரில் எழுதப்பட்டது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி தொடங்குவதும் மைனரில்தான்.

ஒரு நோட்டுஸ்வரம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். அது பாடட்டும். நீங்கள் கீழே ‘ஸ’, ‘ம’, ‘ப’ என்ற மூன்றில் எது பொருந்துகிறதோ அதை மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். தவறான இடத்தில் தவறான சுரம் விழுந்தால் பிள்ளையே முகத்தைச் சுளிக்கும். ஓர்கெஸ்ட்ராவில் செலோவும் டபுள் பேஸும் பெரும்பாலான நேரம் செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான். அடுத்த தடவை இசை கேட்கும்போது அந்தப் பிள்ளையின் காது தானாகவே கீழே போகும்.

மெட்டைத் துரத்துவது

இனிக் கேட்கத் தொடங்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் நான் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’ என்பேன். பல பேர் இதைச் சொல்வதில்லை. பதினைந்து நிமிடம் ஒரே மெட்டு, சலித்துவிடும் என்பார்கள். எனக்கு அதுதான் இதன் வசதி. 1928 இல் பாரிஸில் ஒரு நடனத்துக்காக எழுதப்பட்ட இசை இது. ஒரு சின்னப் பறை, அதாவது ஸ்னேர் ட்ரம், இருப்பதே தெரியாத அளவு மெல்லிய சத்தத்தில் ஒரு தாளக்கட்டைத் தொடங்கும். கடைசி வரை அது நிற்காது, வேகம் கூடாது, குறையாது. அதன் மேல் ஒரு மெட்டு, அதற்குத் துணையாக இன்னொரு மெட்டு. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். மெட்டு மாறாது. மாறுவது வாத்தியம்.

முதலில் ஃப்ளூட். அடுத்து அதே மெட்டு கிளாரினெட்டில். பிறகு இரண்டாவது மெட்டைப் பசூன் எடுக்கும், அதன் குரல் இலகுவில் எட்டாத உயரத்தில். கேட்கிற பிள்ளை "இது என்ன, யாரோ அழுகிற மாதிரி?" என்று கேட்கக் கூடும். ஓர்கெஸ்ட்ராவில் அபூர்வமாகவே தலைகாட்டும் சக்ஸஃபோன்கூட இதில் வந்து போகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக யாராவது சேர்ந்துகொள்வார்கள். பதினாலாவது நிமிடமளவில் மேடையில் சும்மா இருப்பவர் ஒருவரும் இல்லை, அறை அதிரும். கடைசி ஒரு நிமிடத்தில் சுருதியே சட்டென்று வேறு இடத்துக்குத் தாவும், பிறகு மொத்தமும் சரிந்து விழுந்து முடியும்.

பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். வாத்தியம் மாறுகிற போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெயர் தெரியத் தேவையில்லை. ‘மாறிவிட்டது’ என்று தெரிந்தால் போதும். பிறகு யூடியூபில் ஓர்கெஸ்ட்ரா வாசிக்கும் காட்சியோடு மறுபடி போட்டுப் பாருங்கள். கமெரா ஒவ்வொருவராகக் காட்டும்போது பிள்ளை தன் கோடுகளோடு ஒப்பிடும். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் போட வேண்டாம். அதில் செலோவும் டபுள் பேஸும் கேட்கவே கேட்காது. அரைவாசி ஓர்கெஸ்ட்ராவைக் காணாமல் போக்கிவிட்டு ‘பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

இதற்குப் பிறகு கதை. ‘பீட்டரும் ஓநாயும்’ பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது. மொஸ்கோவில் சிறுவர் நாடக அரங்கை நடத்திய நதாலியா சாட்ஸ் கேட்டுக்கொண்டதற்காக, ரஷ்ய இசையமைப்பாளர் புரொகோஃபியெவ் கதையையும் தானே எழுதி இசையும் அமைத்தார். 1936 மே மாதம் அரங்கேறியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம், ஒரு மெட்டு. பீட்டர் என்ற பையன் வந்தால் தந்தி வாத்தியங்கள். குருவிக்கு ஃப்ளூட், தாராவுக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், முணுமுணுத்துக்கொண்டே வரும் தாத்தாவுக்குப் பசூன். ஓநாய்க்கு மூன்று ஹோர்ன். வேட்டைக்காரரின் துப்பாக்கிச் சத்தம் டிம்பனியிலும் பெரிய மேளத்திலும்.

கதை சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அது எந்த மொழியிலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் கிடைக்கும் பதிவைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடாமல், முதல் நாள் இரவு கதையைத் தமிழில் நீங்களே சொல்லி விடுங்கள். அம்மம்மா சொன்னால் இன்னும் நல்லது. கதை தெரிந்த பிள்ளைக்கு அடுத்து யார் வரப் போகிறார் என்று காத்திருப்பதில்தான் சுவை.

இதில் ஓர் இடத்தைத் தவற விடாதீர்கள். ஓநாய் தாராவை உயிரோடு விழுங்கிவிடும். பிறகு ஓநாயைப் பிடித்து எல்லாரும் ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள், ஒவ்வொருவருடைய மெட்டும் வரிசையாக வரும். எல்லாம் முடிகிற கட்டத்தில், எங்கோ தூரத்தில் கேட்பது போல ஓபோ அந்தத் தாரா மெட்டை மறுபடி வாசிக்கும். தாரா ஓநாயின் வயிற்றுக்குள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது! கதை சொல்பவர் அதைச் சொல்லுமுன் பிள்ளைக்கு அது காதால் விளங்கிவிட்டால், நீங்கள் எடுத்த பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

ஓபோவைப் பற்றிப் பேச்சு வந்ததால்: அதன் வாயில் இருப்பது இரண்டு மெல்லிய தட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று. நாதஸ்வரத்தின் சீவாளியும் அதே ஏற்பாடுதான். இரண்டு தட்டைகளும் ஒன்றோடொன்று அதிர்வதால்தான் கூட்டத்துக்கு நடுவிலும் தனித்துக் கேட்கும் அந்தக் கூர்மை வருகிறது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் வரும்போது வாத்தியக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துவதைப் பார்த்த பிள்ளை, ஓபோக்காரர் அதையே செய்வதைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடும். பசூனும் இதே இனம். கிளாரினெட்டில் இருப்பது ஒரே தட்டை. அது நமக்கு அந்நியமில்லை, ஏ.கே.சி. நடராஜன் முழுக் கர்நாடகக் கச்சேரியையே அதில் வாசித்தவர்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெஞ்சமின் பிரிட்டனின் ‘இளையோருக்கான ஓர்கெஸ்ட்ரா வழிகாட்டி’ 1946 இல் முதலில் வாசிக்கப்பட்டது. பர்செல் என்ற பழைய ஆங்கில இசையமைப்பாளரின் மெட்டொன்றை எடுத்து, வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துக் காட்டிவிட்டு, கடைசியில் எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் கொடுக்கலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்ட் சான்ஸின் ‘விலங்குகளின் திருவிழா’ சின்னவர்களுக்கு: டபுள் பேஸில் யானை, செலோவில் அன்னம். ஆமைக்கு அவர் எடுத்தது, பாரிஸில் எல்லாரும் காலைத் தூக்கி ஆடும் வேகமான ஒரு நடன மெட்டு; அதைத் தூங்கி வழிகிற வேகத்தில் வாசிக்க வைத்திருக்கிறார். தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தோ என்னவோ, அன்னத்தைத் தவிர மற்ற எதையும் தான் உயிரோடு இருக்கும்வரை வெளியிட அவர் விடவில்லை. ஹைடனின் 94 ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, பிள்ளைகளைத் திடுக்கிட வைக்க. எந்த இடத்தில் என்று சொல்லாதீர்கள்.

சிம்பொனி என்றால்

தமிழ் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும் இப்போது முதலில் வரும் பெயர் இளையராஜா. 2025 மார்ச் 8 அன்று அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறிய செய்தி எல்லார் ஃபோனிலும் சுற்றியது. பிள்ளை "சிம்பொனி என்றால் என்ன?" என்று கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

ஓர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும் ஒரு நீண்ட படைப்பு அது. பெரும்பாலும் நான்கு பகுதிகள்: விறுவிறுப்பான தொடக்கம், மெதுவான இரண்டாவது, நடனச் சாயலில் மூன்றாவது, வேகமான முடிவு. இது பொது வழக்கம் மட்டுமே. மீறியவர்கள் நிறையப் பேர். வார்த்தை கிடையாது. பீத்தோவன் தன் ஒன்பதாவதில் பாடகர்களைக் கொண்டுவந்ததெல்லாம் விதிவிலக்கு. வார்த்தை இல்லாததால் கதையை மெட்டுகளே நடத்திப் போக வேண்டும். பீத்தோவனின் ஐந்தாவதில் அதை நன்றாகப் பார்க்கலாம். த-த-த-தாம் என்ற நாலே ஒலி. மூன்று குறில், ஒரு நெடில். முதல் பகுதி ஏழெட்டு நிமிடம் முழுக்க அந்த நாலும் இடம் மாறி, ஆள் மாறி வந்துகொண்டே இருக்கும். மிருதங்கம் படிக்கிற பிள்ளையை அந்தச் சொற்கட்டு வரும் இடங்களிலெல்லாம் தொடையில் தட்டச் சொல்லுங்கள். கை வலிக்கும். அந்தச் சிம்பொனி முதன்முதல் வாசிக்கப்பட்ட 1808 டிசம்பர் இரவு, வியன்னாவில் குளிரில் விறைத்துப் போன மண்டபத்தில் நாலு மணித்தியாலம் கச்சேரி நடந்தது. பிள்ளைகளுக்கு அப்படி வேண்டாம். முதல் தடவை ஒரு பகுதி போதும்.

முன்னால் கோலோடு நிற்பவரைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். "அவர் ஒன்றுமே வாசிக்கவில்லையே?" கர்நாடகக் கச்சேரியில் சபையே ஆதி தாளத்தைத் தொடையில் போடும். இங்கே தாளம் போடும் உரிமை ஒருவருக்கு மட்டும், அதுவும் சத்தமில்லாமல். வலது கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று போனால் நாலு எண்ணிக்கை. கீழே, வலம், மேலே என்றால் மூன்று. இடது கை வேறு வேலை செய்யும்: நீங்கள் வாருங்கள், நீங்கள் அடங்குங்கள், இன்னும் கொஞ்சம். வீட்டில் ஒரு பென்சிலைக் கொடுத்து நிற்க வைத்தால் ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும். உண்மையான வேலை ஒத்திகைகளில் முடிந்துவிடுகிறது என்பதைப் பெரிதானதும் தெரிந்துகொள்ளட்டும்.

கை தட்டுவது ஒரு பெரிய பிரச்சினையாகப் பேசப்படுகிறது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில் தட்டக் கூடாது. நாலும் முடிந்த பிறகே தட்ட வேண்டும் என்பது இன்றைய வழக்கம். ஆனால் மொசார்ட்டின் காலத்தில் இப்படி இல்லை. 1778 இல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே, தான் எதிர்பார்த்த இடத்தில் சபை கை தட்டியதை அப்பாவுக்குப் பெருமையோடு எழுதியிருக்கிறார். முடிந்ததும் போய் நல்லதொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டதாகவும் அதே கடிதத்தில் வருகிறது. நல்ல இடத்தில் "ஆஹா" சொல்லிப் பழகிய எங்கள் பிள்ளை தவறான இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் உலகம் அழிந்துவிடாது. வழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள், மிரட்ட வேண்டாம்.

கொழும்பில் நேரில் கேட்க

இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958 இல் தொடங்கியது. நியூயோர்க்கில் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் என்ற ஓர்கெஸ்ட்ரா நடத்துனர் தொலைக்காட்சியில் இளையோருக்கான கச்சேரிகளைத் தொடங்கியதும் அதே வருடம். அந்தத் தொடர் 1972 வரை, மொத்தம் 53 கச்சேரிகள் போனது. பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன, ஆங்கிலம் விளங்கும் பெரிய பிள்ளைகளுக்கு அருமையானவை. கொழும்பில் லேடீஸ் கல்லூரி மண்டபம், லயனல் வென்ட் அரங்கு, 2011 இல் திறந்த நெலும் பொக்குண என்று கச்சேரி நடக்கும் இடங்கள் பெரும்பாலும் கறுவாத்தோட்டப் பக்கம். லயனல் வென்ட்டை நாம் புகைப்படக் கலைஞராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் தேர்ந்த பியானோக் கலைஞரும்கூட. இளையோரே வாசிக்கும் தேசிய இளையோர் ஓர்கெஸ்ட்ராவும் இங்கே இருக்கிறது. தன்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா ஒருத்தி செலோ வாசிப்பதைப் பார்ப்பது, என் கணக்கில், எந்த விளக்கத்தையும்விடப் பெரிது.

போகும் முன் ஒரு விஷயம் சொல்லி வைக்க வேண்டும்: மைக் கிடையாது. எங்கள் பிள்ளைகள் கேட்டு வளரும் இசை முழுவதும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, எல்லாமே. அந்தக் காதுக்கு ஓர்கெஸ்ட்ரா முதல் ஐந்து நிமிடம் ‘சத்தம் பத்தாது’ என்று தோன்றும். பிறகு காது தன்னைச் சரிசெய்துகொள்ளும். மண்டபத்தில் அமைதி கேட்பதும் இதற்காகத்தான். ஒரு தனி ஃப்ளூட் மெதுவாகப் போகும் இடத்தில் சிப்ஸ் பைக்கற்றைப் பிரித்தால், பின் வரிசைக்குப் பைக்கற் மட்டும்தான் கேட்கும். பிள்ளைக்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் அது உங்களையே அதட்டும்.

முன் வரிசை வேண்டாம். அங்கிருந்து வயலின்காரரின் சப்பாத்து மட்டும் தெரியும். கொஞ்சம் உயரத்தில், பக்கவாட்டில் இருந்தால் டிம்பனிக்காரரையும் பார்க்கலாம். பிள்ளைகள் அதிகம் ரசிப்பது அவரைத்தான். ஏசிக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள். இடைவேளையில் பிள்ளை போதும் என்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அரைக் கச்சேரி கேட்டுவிட்டு ‘இன்னும் கேட்டிருக்கலாம்’ என்று நினைக்கும் பிள்ளை திரும்பி வரும்.

வாத்தியம் படிக்க வேண்டும் என்று கேட்டால்

கேட்கும். அப்போது அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். வயலின் ‘1/16’ என்று சொல்லப்படும் குட்டி அளவிலிருந்தே கிடைப்பதால் மிகச் சின்ன வயதிலேயே தொடங்கலாம். கை நீள நீள அளவை மாற்ற வேண்டும், ஆகவே வாடகைக்கோ பழையதாகவோ கிடைத்தால் அதுவே புத்தி. பித்தளை வாத்தியங்களுக்கு முன் பற்கள் விழுந்து முளைத்து முடிய வேண்டும். ஓபோவும் பசூனும் அதற்கும் பிறகு. கடற்கரை ஈரக்காற்றும் ஏசி அறையும் மாறி மாறிப் பட்டால் மர வாத்தியத்தின் ஒட்டு விட்டுப் போகும், முறுக்காணி நழுவும். அதைப் பெட்டிக்குள் வைக்கப் பழக்குவதும் பாடத்தில் சேர்த்தி.

கொழும்பில் கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் பியானோவுக்கோ வயலினுக்கோதான் போகிறார்கள். இரண்டும் அருமையானவைதான். ஆனால் ஓர்கெஸ்ட்ராவில் பியானோவுக்கு நிரந்தரக் கதிரை இல்லை. தேவைப்படும் படைப்புகளில் மட்டும் வரும். வயலினுக்கு இடம் நிறைய, போட்டி அதைவிட நிறைய. வயோலாவோ கொஞ்சம் பெரியது, ஐந்து சுரம் கீழே இறங்கும், பெரும்பாலும் நடுக் குரலில் நின்று ஒலியை நிரப்பும். மெட்டு அதன் கைக்கு வருவது குறைவு. அதனால் அதைத் தேடிப் போகும் பிள்ளைகளும் குறைவு. வயலின் ஓரளவு பழகிய பிள்ளைக்கு வயோலாவுக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. புதிதாகப் படிக்க வேண்டியது முக்கியமாக அதன் இசைக்குறிப்பு எழுதும் முறை. உங்கள் பிள்ளை ஒரு நாள் மேடையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஆசிரியரிடம் வயோலாவைப் பற்றி ஒரு தடவை கேட்டு வையுங்கள்.